நெல்வயற் களைநாசினிகளும் பின்வரும் பயிரும் – ஒரு வரலாற்று நோக்கு

உழவின் அங்கங்களை வரிசைப்படுத்திய வள்ளுவர், எருவிடுதல், நீர்பாய்ச்சுதல், காத்தல் ஆகியவற்றோடு களைகட்டலையும் மறவாது சேர்த்துள்ளார். செங்கோன்மையைப் பேசுமிடத்தும், அரசன் கொடியோரை ஒறுத்தலைப் பசும்பயிரின் இடையே களைகட்டலுக்கு ஒப்பிடுகின்றார். இவ்வுவமை பொருந்துவதற்கு இரு நிபந்தனைகள் உள. களை எது, பயிர் எது என்று ஒறுப்பவன் அறிந்திருத்தல் வேண்டும் என்பது ஒன்று. ஒறுத்தல் களையோடு முடிந்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. கையாற் களை பிடுங்கிய காலத்தில் இவ்விரண்டும் இயல்பாகவே நிறைவேறின. களைபிடுங்கும் பணியை இரசாயனப் பொருள்கள் ஏற்றுக்கொண்ட பின்னர், முதலாவது நிபந்தனையை நிறைவேற்றுவதற்கே விஞ்ஞானிகள் பெரிதும் முயன்றனர். இரண்டாவது நிபந்தனை நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. நெல்லுக்கு இட்ட களைநாசினி நெல் அறுவடையோடு தன் வேலையை முடித்துக்கொள்கின்றதா, அன்றி அதே மண்ணில் அடுத்து முளைக்கும் பயிரையும் தீண்டுகின்றதா என்பதே அவ்வினா. அவ்வினா எழுந்து வளர்ந்த வரலாறே இங்கு ஆராயப்படுகின்றது.

கையும் நீரும்

களைநாசினிகளுக்கு முற்பட்ட நெற்செய்கையில் களைக்கட்டுப்பாடு தனித்ததொரு தொழிலாக இருக்கவில்லை. செய்கையின் ஒவ்வொரு படியிலும் அது கலந்திருந்தது. பலமுறை உழுது சேறாக்குதல் முளைத்த களைகளைப் புதைத்தது. வயலில் நீரைத் தேக்கி நிறுத்துதல் ஒட்சிசனின்றி முளைக்கமாட்டாத விதைகளை அடக்கியது. நாற்று நடுகை நெல்லுக்குக் களையைவிட மூன்று வார மூப்பைக் கொடுத்தது. உயர்ந்து வளரும் பழைய இனங்கள் தம் நிழலாற் சிறுகளைகளை ஒடுக்கின. எஞ்சியவற்றைக் கைகள் பிடுங்கின. பிடுங்கப்பட்ட களை சேற்றில் மிதிபட்டு எருவாயிற்று. அடுத்த பயிருக்கு அம்முறை விட்டுச்சென்ற தீங்கு யாதுமில்லை.

எனினும் அம்முறையின் சுமை பெரிது. சேற்றில் நாள்முழுதும் குனிந்து நின்ற கைகளுள் பெரும்பாலானவை பெண்களுடையவை. யப்பானில் 1949ஆம் ஆண்டளவில் ஒரு ஹெக்டேயர் நெல்வயலில் களையெடுப்பதற்கு ஏறத்தாழ 500 மணித்தியால உழைப்புத் தேவைப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் அது 20 மணித்தியால அளவாகச் சுருங்கியது. உழவர் களைநாசினியை விரும்பி ஏற்றமைக்கு இவ்விரு எண்களே போதிய விளக்கமாகும். அவர்களது தெரிவைப் பேதைமை எனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஓமோன் வகை நாசினிகள்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் தாவர வளர்ச்சி ஓமோன்களைப் பற்றிய ஆய்வுகள் இரகசியமாக நடைபெற்றன. அவற்றின் பேறாக 2,4-டி, எம்.சி.பி.ஏ. ஆகிய இரு பொருள்கள் வெளிவந்தன. 2,4-டி அமெரிக்காவில் 1945ஆம் ஆண்டிலும், எம்.சி.பி.ஏ. அதற்கு அடுத்த ஆண்டளவில் பிரித்தானியாவிலும் விற்பனைக்கு வந்தன. அகன்ற இலையுடைய தாவரங்களைத் திருகி மடியச்செய்து, புல்லினத்தைச் சேர்ந்த பயிர்களைப் பெரும்பாலும் விட்டுவிடும் இயல்பு இவற்றுக்கு உண்டு. நெல்லும் புல்லினமாதலால் இவை நெல்வயலுக்குள் விரைவில் நுழைந்தன.

இவற்றின் முதற் பாதிப்பு அடுத்த போகத்தில் அன்றி அடுத்த வயலிலேயே தெரிந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1940களின் இறுதியில் 2,4-டி தூளாக ஆகாயவிமானத்திலிருந்து நெல்வயல்களுக்குத் தூவப்பட்டபோது, காற்றிற் சென்ற நுண்தூள் தொலைவிலிருந்த பருத்திச் செடிகளைச் சிதைத்தது. பருத்தி, திராட்சை, தக்காளி ஆகியவை இப்பொருளின் மிகச் சிறிய அளவையும் தாங்கமாட்டா. ஆயினும் மண்ணில் இதன் வாழ்வு குறுகியது. ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் நுண்ணங்கிகள் இதனை உணவாக்கிக்கொள்கின்றன. அங்கு இதன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழப் பத்து நாள்கள் மட்டுமே. இவ்வாறு முதலில் வந்த நாசினி மண்ணில் நெடிது நில்லாதிருந்தமையால், நாசினிகள் யாவும் தாமாகவே மறைந்துவிடும் என்னும் நம்பிக்கை வேரூன்றியது எனலாம்.

புரோப்பனிலும் நெல்லின் நொதியமும்

அகன்ற இலைக் களைகள் அகன்றதும், அவை விட்ட இடத்தைப் புல்வகைக் களைகள் பிடித்துக்கொண்டன. அவற்றுள் முதன்மையானது குதிரைவாலியின் சாதியைச் சேர்ந்த காட்டுப்புல் ஆகும். இளம்பருவத்தில் நெல்லைப் போலவே தோன்றும் அப்புல்லைக் கண்ணாற் பிரித்தறிவதே கடினம். அதனை நெல்லின் நடுவில் வைத்துத் தனித்துக் கொல்லும் பொருளாகப் புரோப்பனில் 1960ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. இலங்கை உழவர் இதனை 3,4-டி.பி.ஏ. என்னும் பெயராலும் அறிவர்.

நெல்லிலைகளில் இப்பொருளைச் சிதைக்கும் ஒரு நொதியம் நிறைய உண்டு. காட்டுப்புல்லில் அது மிகக் குறைவு. நெல் பிழைப்பதும் புல் மடிவதும் இவ்வேறுபாட்டினாலேயாம். ஆனால் ஒகனோபொசுபரசு, காபமேற்று வகைப் பூச்சிநாசினிகள் அந்நொதியத்தை முடக்கிவிடுகின்றன. ஆகவே அவற்றைப் புரோப்பனில் தெளிக்கும் நாள்களை ஒட்டித் தெளிப்பின் நெல்லே கருகும். ஒரு நாசினியின் பாதுகாப்பு மற்றொன்றால் அழியும் என்னும் பாடம் இங்கே கிடைத்தது.

புரோப்பனில் மண்ணிற் சில நாள்களுள் மறைந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் ‘மறைதல்’ என்பதற்கு ‘இல்லாதொழிதல்’ என்பது பொருளன்று. அது சிதைந்து தரும் டைகுளோரோஅனிலீன் மண்ணின் உக்கலோடு பிணைந்து நீண்டகாலம் தங்குகின்றது. அதன் இரு மூலக்கூறுகள் இணைந்து அசோபென்சீன் வகைச் சேர்வையொன்று மண்ணில் உருவாகக்கூடும் என 1967ஆம் ஆண்டில் பார்த்தா, பிரமர் என்னும் ஆய்வாளர் இருவர் காட்டினர். இதனால் அடுத்த பயிர் வெளிப்படையாகக் கருகிற்றில்லை. எனினும் மண் ஒரு வெறும் பாத்திரமன்று, தானும் தாக்கம் புரியும் ஓர் ஆய்வுகூடம் என்பது தெளிவாயிற்று.

மண்ணிலே தொழிற்படும் நாசினிகள்

புரோப்பனில் தெளித்த நாளில் முளைத்து நின்ற களைகளையே கொல்லும். பின்னர் முளைப்பவற்றைத் தடுக்காது. எனவே மண்ணிலே சில வாரங்கள் தங்கியிருந்து முளைக்கும்போதே கொல்லும் பொருள்கள் தேடப்பட்டன. மொலினேற்று, தயோபென்காப், பியூற்றாக்குளோர் முதலியன 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் இவ்வாறு வந்தவை. இங்கு ஒரு திருப்பம் நிகழ்ந்தது. மண்ணில் நிலைத்தல் அதுவரை குறையாகக் கருதப்பட்டது. இப்போது அதுவே விலைகொடுத்து வாங்கும் குணமாயிற்று. எவ்வளவு காலம் நிலைத்தால் நன்மை, எந்நாளிலிருந்து அது தீமை என்னும் எல்லைக்கோடும் அப்போதே தேவைப்பட்டது.

அக்கோட்டினை மண்ணின் நிலை நகர்த்திவிடும் என்பதை யப்பானின் அனுபவம் உணர்த்தியது. 1970களில் தயோபென்காப் இட்ட சில வயல்களில் நெற்பயிர் குட்டையாயிற்று. வைக்கோல் முதலிய சேதனப் பொருள் மிகுந்து, நீர் தேங்கி, ஒட்சிசன் அற்றுப்போன மண்ணில் வாழும் நுண்ணங்கிகள் அந்நாசினியிலிருந்து குளோரீனை அகற்றிவிடுகின்றன. அவ்வாறு பிறந்த புதிய பொருளே நெல்லைக் குறுகச் செய்தது என்று ஆய்வாளர் கண்டனர். பாதுகாப்பானது என விற்கப்பட்ட பொருள் வயலுக்குள்ளேயே வேறொன்றாக மாறிற்று.

அந்நாடு அதற்கு முன்னரே நீர்வழியாக ஒரு பாடம் கற்றிருந்தது. நெல்வயலிற் களைக்கொல்லியாக இடப்பட்ட பென்ரகுளோரோபீனோல் 1962ஆம் ஆண்டுப் பெருமழையில் அடித்துச் செல்லப்பட்டு, அரியாகே கடலிலும் பீவா ஏரியிலும் மீன்களையும் சிப்பிகளையும் பெருமளவில் அழித்தது. வரம்புக்கு உள்ளே இட்டது வரம்புக்கு உள்ளே நிற்கவேண்டும் என்ற நியதி இல்லை.

சிறிய அளவும் நீண்ட ஆயுளும்

1975ஆம் ஆண்டளவில் அமெரிக்க இரசாயன அறிஞர் ஜோர்ஜ் லெவிற் சல்பனைல்யூரியா வகை நாசினிகளைக் கண்டறிந்தமை அடுத்த திருப்பமாகும். முன்னைய நாசினிகள் ஹெக்டேயருக்குக் கிலோகிராம் கணக்கில் இடப்பட்டவை. இவையோ சில பத்துக் கிராம்களே போதுமானவை. இடப்படும் அளவு குறைந்தமை சூழலுக்கு நன்மை எனப் பாராட்டப்பட்டது. ஆனால் கிராம் அளவிற் களையைக் கொல்லும் பொருளின் நூற்றிலொரு பங்கு எஞ்சினும், கூருணர்வுடைய மற்றொரு பயிரை அது வருத்தக்கூடும். கோதுமை வயல்களில் இடப்பட்ட இவ்வினத்து முதல் நாசினி, காரத்தன்மை மிகுந்த மண்ணில் சிதையாது தங்கி அடுத்த பயிர்களைப் பாதித்தமையே இதற்குச் சான்று. நெல்லுக்குரிய பென்சல்பூரோன் மெதைல் 1980களின் பிற்பகுதியில் வந்தது. கலிபோர்ணியாவில் அதனைத் தொடர்ந்து இட்ட வயல்களில், சில ஆண்டுகளுக்குள்ளேயே அதற்கு அடங்காத களைகள் தோன்றின.

அதே காலப்பகுதியில் வந்த குயின்குளோராக் என்னும் நாசினி, பின்பயிர்ப் பிரச்சினையை மறைக்க முடியாததாக்கியது. காட்டுப்புல்லை நன்கு அடக்கும் இப்பொருள் மண்ணில் நெடுங்காலம் நிற்கும். தக்காளி, புகையிலை போன்ற பயிர்கள் இதன் எச்சத்தை அறவே தாங்கா. இலைகள் ஒடுங்கித் திருகிப்போகும். சீனாவின் தென்பகுதியில் நெல்லுக்குப் பின் புகையிலை நடும் மாகாணங்களில் இத்தகைய உருச்சிதைவு பரவலாக ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்காவில் இந்நாசினியின் சுட்டுத்துண்டே, இதனை இட்ட நிலத்திற் பல மாதங்களுக்கு நெல்லைத் தவிர வேறு பயிர் செய்யலாகாது என்று அறிவுறுத்துகின்றது. அடுத்த ஆண்டு எதனை விதைப்பது என்னும் உழவனின் உரிமையில் ஒரு பகுதியை நாசினிப் புட்டி எடுத்துக்கொண்டது என்பதே இதன் பொருள்.

தென் பிறேசிலின் அனுபவம்

இவ்வுரிமையிழப்பு முழுமையாக வெளிப்பட்ட இடம் பிறேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிறான்டே டோ சுல் ஆகும். அந்நாட்டின் நெல் உற்பத்தியிற் பெரும்பகுதி அம்மாநிலத்தினுடையது. அங்கு நெல்லின் தீராப் பகை ‘செந்நெல்’ எனப்படும் களைநெல். அதுவும் நெல்லின் இனமே ஆதலால், நெல்லைவிட்டு அதனை மட்டும் கொல்லும் நாசினி எதுவும் இருக்கவில்லை.

இதற்கு வழி ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்தது. இமிடசொலினோன் வகை நாசினியைத் தாங்கும் நெற்செடியொன்று 1993இல் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில், தூண்டப்பட்ட விகாரத்தின் மூலம் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்து உருவான ‘கிளியர்பீல்ட்’ நெல் அங்கு 2002இல் வயலுக்கு வந்தது. பிறேசிலில் மாநில நெல் நிறுவனமான இர்கா, அத்தன்மையைத் தன் இனத்திற் புகுத்தி இர்கா 422 சி.எல். என்னும் இனத்தை வெளியிட்டது. நெல்லை விதைத்து, இமாசெதாபிர், இமாசாபிக் ஆகியவற்றின் கலவையைத் தெளித்தால் செந்நெல் மடியும். விதைத்த நெல் நிற்கும். கைவிடப்படும் நிலையிலிருந்த வயல்கள் மீண்டும் விளைந்தன.

ஆனால் அடுத்த பருவத்தில், அதே மண்ணில் விதைக்கப்பட்ட சாதாரண நெல்லினம் குன்றியது. மாரிகாலத்தில் மேய்ச்சலுக்காக விதைக்கப்படும் இறைப்புல்லும் பாதிக்கப்பட்டது. சாந்த மரியா கூட்டாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர் மேற்கொண்ட வயற்சோதனைகள் இதனை உறுதிப்படுத்தின. காரணமும் விளக்கப்பட்டது. இந்நாசினிகளைச் சிதைப்பவை பெரும்பாலும் ஒட்சிசனை வேண்டும் நுண்ணங்கிகள். தாழ்ந்த, நீர் வடியாத, இறுகிய நெல்மண்ணில் ஒட்சிசன் அரிது. அறுவடையின் பின் வரும் குளிர்காலமோ எஞ்சிய நுண்ணங்கிகளின் வேலையையும் மந்தப்படுத்துகின்றது. நெல்லுக்கு உகந்த சேறே நாசினிக்கும் அடைக்கலமாயிற்று.

ஆகவே உழவர் சிலருக்கு எஞ்சிய வழிகள் குறுகின. அந்நாசினியைத் தாங்கும் நெல்லையே மீண்டும் விதைத்தல் ஒன்று. இயல்பாகவே அதனைத் தாங்கும் சோயாவுக்கு மாறுதல் மற்றொன்று. முதல் வழியைத் தொடர்ந்து பற்றியோரின் வயல்களில், பயிர்நெல்லும் செந்நெல்லும் மகரந்தம் கலந்து, நாசினியைத் தாங்கும் செந்நெல்லே பிறந்தது. மருந்து பயனற்றுப் போன பின்னரும் மருந்தின் எச்சம் மண்ணில் இருந்தது.

இலங்கையின் நிலை

இவ்வரலாறு இலங்கைக்குப் புறம்பானதன்று. 1958இல் வெளியிடப்பட்ட எச்-4 இனத்தையும், 1970ஐ ஒட்டி வந்த குட்டையினங்களையும் தொடர்ந்து பசளையின் பயன்பாடு பெருகியது. குட்டைப் பயிரின் நிழல் குறைவு. பசளையை நெல்லோடு களையும் உண்டது. கூலி உயர உயர நாற்று நடுகை அருகி, வீசி விதைத்தல் பெருவழக்காயிற்று. களைக்கும் நெல்லுக்கும் ஒரே வயதாகிவிட்ட அவ்வயலில் நாசினி இன்றியமையாததாயிற்று. எம்.சி.பி.ஏ.யும் புரோப்பனிலும் முதலில் ஆட்சி செய்தன. 1990களில் புரோப்பனிலுக்கு அடங்காத காட்டுப்புல் இங்கும் பதிவாயிற்று. அதே பத்தாண்டில் பன்றிநெல் எனப்படும் களைநெல்லும் வயல்களிற் பரவத் தொடங்கியது. பிறேசில் உழவரை இமிடசொலினோன் நோக்கித் தள்ளிய அதே பகை இதுவாகும்.

நாசினிகளைப் பற்றிய பொதுவிவாதம் இலங்கையில் வேறு திசையிற் சென்றது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் பதிவுமுறையை ஏற்படுத்தியது. 2015இல் கிளைபோசேற்று தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்ட அத்தடை 2022இல் நீக்கப்பட்டது. இடையே 2021இல் இரசாயனப் பசளைகளோடு விவசாய இரசாயனங்கள் யாவற்றின் இறக்குமதியும் நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு முடிவதற்குள் அம்முடிவு கைவிடப்பட்டது. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயே கிளைபோசேற்று விவாதத்தின் மையம். அந்நோயின் காரணம் பற்றி அறிஞரிடையே ஒருமைப்பாடு ஏற்படவில்லை. ஆனால் பின்பயிரை நோக்குமிடத்து, கிளைபோசேற்று மண்துணிக்கைகளோடு இறுகப் பிணைந்துவிடுவதால், அடுத்து விதைக்கும் பயிருக்கு அது இழைக்கும் தீங்கு சிறிது. நாடு முழுவதும் பேசப்பட்ட நாசினி ஒன்று. மண்ணில் நின்று அடுத்த பயிரை வருத்தும் தன்மையன வேறு. பின்னவற்றைப் பற்றிய பேச்சோ எழவில்லை.

அப்பேச்சு எழவேண்டிய நாடு இது. பெரும்போக அறுவடை முடிந்த ஈரத்திலேயே பயறு, உழுந்து, கௌபி, எள் ஆகியன விதைக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் நெல்லறுத்த வயலிற் சணல் விதைப்பர். மகாவலியின் எச் வலயத்தில், நீர் குறைந்த சிறுபோகங்களில் மிளகாயும் பெரிய வெங்காயமும் நெல்லின் இடத்தைப் பெற்றன. இவை யாவும் நெல்லுக்கு ஏற்ற நாசினியைத் தாமும் தாங்கும் என்று எதிர்பார்க்கத்தக்க பயிர்கள் அல்ல. நெல்லுக்கும் இவற்றுக்கும் இடைப்பட்ட காலமோ சில வாரங்களே.

நாசினியின் எச்சத்தால் வரும் இலைத்திருகலைக் கண்ணாற் கண்டு, வைரசு நோயிலிருந்து பிரித்தறிதல் எளிதன்று. நோயெனக் கருதும் உழவன் மீண்டும் ஒரு பூச்சிநாசினிக்குச் செலவிடுவான். அன்றியும், குளத்துநீர் முழுவயலுக்கும் போதாத சிறுபோகங்களில், குளத்தை அண்டிய பகுதியை மட்டும் உழவர் அனைவரும் அப்போகத்துக்கெனப் பங்கிட்டுச் செய்யும் ‘பெத்ம’ என்னும் பழைய வழக்கம் உலர்வலயத்தில் உண்டு. அங்கே பெரும்போகத்தில் நாசினி தெளித்தவன் ஒருவன். சிறுபோகத்தில் அம்மண்ணில் விதைப்பவன் வேறொருவன். குத்தகைக் காணியிலும் நிலை இதுவே. நீரைப் பகிர்வதற்கு வழிவகுத்த அவ்வழக்கத்தில், மண்ணில் இட்டது யாதென்ற செய்தியைப் பகிர்வதற்கு இடமிருக்கவில்லை. அக்காலத்தில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

இன்று தேவை உண்டு. அதற்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை. வயல்மண்ணில் ஒரு சட்டியும், நாசினி படாத மண்ணில் ஒரு சட்டியும் எடுத்து, விதைக்க எண்ணிய பயிரின் விதைகளை இரண்டிலும் இட்டு இரண்டு மூன்று வாரங்கள் ஒப்பிட்டுப் பார்த்தால், எச்சம் உண்டா இல்லையா என்பதை அம்முளைகளே பெரும்பாலும் சொல்லிவிடும். ஆய்வுகூடம் இல்லாத ஊரிலும் செய்யத்தக்க சோதனை இது. இவற்றோடு, எந்த வயலில் எந்த நாசினி எப்போது இடப்பட்டது என்னும் குறிப்பினைக் கமக்கார அமைப்புகள் பேணுதலும், பதிவுபெறும் ஒவ்வொரு நாசினியின் சுட்டுத்துண்டிலும் நெல்லுக்குப் பின் விதைக்கத்தகாத பயிர்களும் காத்திருக்க வேண்டிய காலமும் உழவரின் மொழியில் அச்சிடப்படுதலும் வேண்டும்.

நெல்வயற் களைநாசினிகளின் வரலாற்றில் ஒவ்வொரு புதிய பொருளும், அதற்கு முன்னையது விட்டுச்சென்ற குறையைத் தீர்க்கவே வந்தது. ஒவ்வொன்றும் அந்தப் போகத்தின் விளைச்சலாலேயே மதிப்பிடப்பட்டது. அடுத்த போகம் அக்கணக்கிற் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்படாத செலவை, நாசினியால் நன்மை பெறாத பயிரும் சிலவேளை அதனைத் தெளிக்காத உழவனும் செலுத்தினர். வள்ளுவர் கூறிய களைகட்டல் செங்கோன்மைக்கு உவமையாயிற்று. ஏனெனில் அதில் ஒறுக்கப்பட்டது களை மாத்திரமே. மண்ணில் எஞ்சும் நாசினி, இன்னும் விதைக்கப்படாத பயறையும் மிளகாயையும் முன்கூட்டியே ஒறுத்துவிடுகின்றது. அதனைத் தடுக்கும் அறிவு கைக்கு எட்டிய பின்னரும் தடுக்காதிருத்தல் கொடுங்கோன்மையின் பாற்படும்.